வலைப்பதிவை நேரம் குறித்து வெளியிட்டு, தானாகப் பகிர வைப்பது: முழுமையான வழிகாட்டி

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாக ஃபேஸ்புக்கைத் தளத்தோடு இணைத்துவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியில் அது ஏழாவது வேலை. இணைப்பு போட்ட நிமிடத்திலிருந்து நீங்கள் தவறுதலாக வெளியிடும் எல்லாமே வாசகர் கண்ணில் பட்டுவிடும். நேரம் தப்பிய பதிவு, படமில்லாத அட்டை, 'சோதனை 3' என்ற தலைப்பு, எதுவும் தப்பாது. இணைப்பு இல்லாதவரை எத்தனை முறை தடுக்கி விழுந்தாலும் வெளியே தெரியாது.

சொந்த ஹோஸ்டிங்கில் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுத்த சர்வரில்) வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். பிளாகரில் எழுதுகிறவர்களுக்கு எங்கெல்லாம் மாறுமோ அங்கே தனியாகச் சொல்கிறேன். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தளத்தின் அட்மின் கடவுச்சொல், ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனலின் கடவுச்சொல் இரண்டும் வேண்டும். தளத்தை வேறு யாராவது அமைத்துக் கொடுத்திருந்தால் இரண்டாவது பெரும்பாலும் உங்களிடம் இருக்காது. இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், இரண்டாம் படியிலேயே தேவைப்படும்.

ஏற்கெனவே வெளியான, நல்ல படமுள்ள பதிவு ஒன்று வேண்டும். முன்னோட்டத்தைச் சோதிக்க அது உதவும். வெளியாகாத பதிவை ஃபேஸ்புக்கால் எட்டிப் பார்க்க முடியாது என்பதால் சோதனைக்கு ஏற்கெனவே வெளியானதுதான் ஆகும்.

அப்புறம் ஒரு தாள். எந்தச் சமூக வலைத்தளத்துக்கு எந்த வழியாகப் பகிர்வு போகிறது என்று அதில் எழுதி வைக்கப் போகிறீர்கள். சில மாதம் கழித்து ஒரே பதிவு இரண்டு முறை போகும்போது இந்தத் தாளைத்தான் தேடுவீர்கள்.

## 1. தளத்தின் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

செட்டிங்ஸில் ஜெனரல் பக்கத்தைத் திறந்து டைம்ஸோனைப் பாருங்கள். புதிதாக நிறுவிய வேர்ட்பிரஸில் அது யுடிசி என்ற உலகப் பொது நேரத்திலேயே நிற்கும். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். காலை 6 மணிக்கென்று குறித்த பதிவு 11:30-க்கு வெளியாவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பட்டியலில் 'யுடிசி+5:30' என்பதைவிட ஊரின் பெயரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இந்தியாவுக்குக் கொல்கத்தா, இலங்கைக்குக் கொழும்பு. இந்த இரண்டுக்கும் இப்போதைக்குப் பலன் ஒன்றுதான். ஆனால் லண்டனிலோ டொராண்டோவிலோ இருந்து எழுதுகிறவர்களுக்கு வேறுபாடு பெரிது. ஊரைத் தேர்ந்தெடுத்தால் கோடையில் ஒரு மணி நேரம் நகர்வதைத் தளமே பார்த்துக்கொள்ளும், எண்ணைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

பிளாகரில் இது செட்டிங்ஸில் ஃபார்மேட்டிங் பகுதியில் இருக்கிறது. அமெரிக்காவின் பசிபிக் கரை நேரத்தில் இருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள்.

## 2. குறித்த நேரத்தில் உண்மையிலேயே வெளியாகிறதா என்று பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பின்னால் வரும் தொல்லைகளில் பாதி இங்கே தொடங்குகிறது.

வேர்ட்பிரஸுக்குத் தானாக விழித்துக்கொள்ளும் பழக்கம் கிடையாது. யாராவது கேட்டைத் திறக்கும்போது மட்டும் மணி பார்க்கிற காவலாளியைப் போன்றது அது. தளத்துக்கு ஒருவர் வரும்போதுதான் 'வெளியிட வேண்டியது ஏதாவது இருக்கிறதா' என்று பார்க்கும். இந்த ஏற்பாட்டுக்கு டபிள்யூபி-கிரான் என்று பெயர். காலை 6 மணிக்குப் பதிவைக் குறித்திருக்கிறீர்கள், முதல் வாசகர் 7:40-க்கு வருகிறார் என்றால், பதிவும் 7:40-க்குத்தான் வெளியாகும். சில சமயம் அதுவும் நடக்காமல் பதிவுப் பட்டியலில் சிவப்பில் 'மிஸ்டு ஷெட்யூல்' என்று நிற்கும்.

பக்கங்களைச் சேமித்து வைத்து வேகமாகக் கொடுக்கும் கேஷ் பிளகினோ (தளத்தில் சேர்க்கும் கூடுதல் நிரல்) சிடிஎன்னோ போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். வாசகர் வருவார், அவருக்குச் சேமித்து வைத்த பக்கம் போய்விடும், வேர்ட்பிரஸ் விழிக்கவே விழிக்காது. 'எனக்கு நிறையப் பேர் வருகிறார்கள், ஆனாலும் தாமதமாகிறதே' என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது கேஷ் இருக்கிறதா என்பதைத்தான்.

தீர்வு, ஹோஸ்டிங் சர்வரின் உண்மையான கிரானை, அதாவது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் ஏற்பாட்டை, பயன்படுத்துவது. உங்கள் ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனல் சிபேனல் என்றால், அதில் 'கிரான் ஜாப்ஸ்' பகுதிக்குப் போங்கள். அங்கே கீழ்விரியும் பட்டியலில் 'ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை' என்பதைத் தேர்ந்தெடுத்து, உங்கள் தள முகவரியின் பின்னால் 'டபிள்யூபி-கிரான்' என்ற பிஹெச்பி கோப்பின் பெயரைச் சேர்த்து, அந்த முகவரியைக் கூப்பிடும் கட்டளையைக் கொடுங்கள். கட்டளையை எப்படி எழுதுவது என்று ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் இருக்கும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சர்வரிலும் சிறிது மாறும் என்பதால், எங்கோ கிடைத்த வரியை ஒட்டுவது வேண்டாம். சில ஹோஸ்டிங்கில் 15 நிமிடத்துக்குக் குறைவாக விடமாட்டார்கள். பரவாயில்லை, அதுவே போதும்.

இந்தக் கிரான் ஓடுவதை உறுதிசெய்த பிறகே பழைய ஏற்பாட்டை அணைக்க வேண்டும். அதற்கு டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் 'டிசேபிள் டபிள்யூபி கிரான்' என்ற மாறிலியை 'ட்ரூ' என்று வைப்பார்கள். இதை முதலில் செய்துவிட்டு, கிரான் ஜாபை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் குறித்த பதிவு எதுவுமே வெளியாகாது. காப்புப் பிரதி எடுப்பது, அப்டேட் சரிபார்ப்பது போன்ற மற்ற தானியங்கி வேலைகளும் சேர்ந்து நின்றுவிடும்.

இப்போது சோதனை. 15 நிமிடம் தள்ளி ஒரு பதிவைக் குறியுங்கள். தளத்தின் தாவலை மூடிவிடுங்கள், திறந்து வைத்திருந்தால் நீங்களே அந்த 'வாசகர்' ஆகிவிடுவீர்கள். நேரம் கடந்த பிறகு போனில் பாருங்கள். பகல் சோதனை தேறினால் விடிகாலை 4 மணிக்கு இன்னொன்று. ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் வெளியாவதுதான் உண்மையான தேர்ச்சி. மின்னஞ்சல் சந்தாதாரர்கள் இருந்தால் மட்டும் அந்தச் சேவையைச் சோதனை முடியும்வரை நிறுத்தி வையுங்கள்.

வேர்ட்பிரஸ் டாட் காமிலோ பிளாகரிலோ எழுதுகிறவர்கள் கிரானைத் தொட வேண்டியதில்லை, அதை அந்த நிறுவனங்களே பார்த்துக்கொள்கின்றன. சோதனைப் பதிவை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

## 3. பதிவின் முகவரியை நீங்களே எழுதுங்கள்

தமிழ் போன்ற மொழிகளில் எழுதுகிறவர்களுக்கு வரும் சிக்கல் இது. ஆங்கில வழிகாட்டிகளில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்தே முகவரியை உருவாக்கிக்கொள்ளும். தமிழ் எழுத்தை முகவரிக்குள் வைக்க, அதைச் சதவீதக் குறிகளோடு கூடிய நீண்ட குறியீடாக மாற்றும். 'க' என்ற ஒற்றை எழுத்துக்கே 9 இடம். மேல்விலங்கு, கால், புள்ளி ஒவ்வொன்றுக்கும் தனியாக இன்னொரு 9. முகவரித் துண்டுக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பதோ 200 இடம்தான்.

'மாடித் தோட்டத்தில் கத்தரிக்காய் வளர்ப்பது எப்படி' என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். முகவரி 'மாடித்-தோட்டத்தில்-கத்தர' என்பதோடு நின்றுவிடும். 'மாடித் தோட்டத்தில் கத்தரிப்பூ' என்று இன்னொரு பதிவு எழுதினால் அதற்கும் இதே முகவரிதான் வரும், கடைசியில் ஒரு எண் மட்டும் ஒட்டிக்கொள்ளும். இந்த முகவரியை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் திரை முழுக்கச் சதவீதக் குறிகள்.

ஆகவே, குறிப்பதற்கு முன்பே எடிட்டரின் வலப்பக்கப் பட்டையில் முகவரித் துண்டை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக எழுதிவிடுங்கள், மூன்று நான்கு சொல் போதும். வெளியான பிறகு மாற்றுவது வம்பு. பகிர்வில் போன பழைய இணைப்பு உடையலாம், ஊட்டத்தை (புதிய பதிவுகளின் பட்டியலை மற்ற சேவைகளுக்குத் தரும் ஆர்எஸ்எஸ் கோப்பை) படிக்கும் சில சேவைகள் புதிய முகவரியைப் புதிய பதிவென்று எண்ணி மறுபடி பகிரும்.

பிளாகரில் தமிழ்த் தலைப்பை அது அப்படியே உதறிவிட்டு, 'பிளாக்-போஸ்ட்' என்றும் பின்னால் ஓர் எண்ணும் போட்டுவிடும். தமிழ் பிளாகர் தளங்களில் பல முகவரிகள் இப்படித்தான் இருக்கும். அங்கே 'பெர்மாலிங்க்' என்பதில் 'கஸ்டம்' தேர்ந்தெடுத்து எழுத வேண்டும், அதுவும் வெளியிடுவதற்கு முன்பே.

## 4. முன்னோட்ட அட்டையைத் தயார்செய்யுங்கள்

இணைப்பைப் பகிரும்போது படம், தலைப்பு, இரண்டு வரி விளக்கத்தோடு வரும் பெட்டியைத்தான் அட்டை என்கிறேன். வாசகர் முதலில் பார்ப்பது இந்த அட்டையைத்தான், நீங்கள் மேலே எழுதும் வாசகம் அப்புறம்தான் கண்ணில் படும்.

அட்டைக்கான விவரம் பக்கத்தின் தலைப்பகுதியில் 'ஓப்பன் கிராஃப்' குறிச்சொற்களாக இருக்கும். யோஸ்ட், ரேங்க் மேத் போன்ற எஸ்இஓ (தேடுபொறிகளுக்கேற்பத் தளத்தை ஒழுங்குபடுத்தும்) பிளகின் ஏதாவது ஒன்று இதைச் செய்துவிடும். 'ஏதாவது ஒன்று' என்பதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு பிளகின் ஒரே வேலையைச் செய்தால் பக்கத்தில் இரண்டு படங்கள் குறிக்கப்பட்டு, எது வரும் என்று சொல்ல முடியாமல் போகும்.

ஒவ்வொரு பதிவுக்கும் 'ஃபீச்சர்டு இமேஜ்' வையுங்கள். 1200-க்கு 630 பிக்செல் அளவு எல்லா இடத்திலும் ஒழுங்காக வரும். படம் வைக்காவிட்டால் ஃபேஸ்புக் போன்றவை பக்கத்தில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும், தள லோகோவோ ஓரத்தில் இருக்கும் விளம்பரமோ வந்து நிற்கும். படத்தின் கோப்பு கனமாக இருந்தால் வாட்ஸ்அப் முன்னோட்டத்தில் படம் வராமல் போகலாம், அதனால் 300 கேபிக்குள் சுருக்கிவிடுவது நல்ல பழக்கம். தலைப்பைப் படத்துக்குள் எழுதும் தானியங்கி வசதியைப் பயன்படுத்தினால் 'கொ', 'தே' போன்ற எழுத்துகளை உற்றுப் பாருங்கள். கொம்பு இடம் மாறி நிற்கிறதா, புள்ளி தனியாக மிதக்கிறதா? அப்படியானால் அந்த வசதி தமிழுக்கு ஆகாது, படத்தை நீங்களே செய்துகொள்ளுங்கள்.

விளக்க வரியையும் கையால் எழுதுங்கள். விட்டால் பதிவின் முதல் பத்தி அப்படியே வரும். முதல் பத்தி 'அனைவருக்கும் வணக்கம்' என்று தொடங்கினால் அட்டையிலும் வணக்கம்தான்.

முன்பே சொன்ன அந்தப் பழைய பதிவின் முகவரியை ஃபேஸ்புக்கின் 'ஷேரிங் டிபக்கர்' பக்கத்தில் கொடுத்துப் பாருங்கள். திருத்தம் செய்த பிறகும் பழைய படமே வந்தால் 'ஸ்க்ரேப் அகெய்ன்' பொத்தானை அழுத்துங்கள். ஃபேஸ்புக் ஒரு முறை பார்த்ததை நினைவில் வைத்துக்கொள்ளும், நீங்கள் மாற்றியது அதற்குத் தானாகத் தெரியாது. லிங்க்ட்இன்னுக்கு 'போஸ்ட் இன்ஸ்பெக்டர்' உண்டு, டெலிகிராமுக்கு 'வெப்பேஜ்பாட்' என்ற 'பாட்'டுக்கு (தானாகச் செயல்படும் கணக்குக்கு) இணைப்பை அனுப்பினால் புதுப்பித்துக்கொடுக்கும்.

## 5. எந்தக் கணக்கு தானியங்கிக்கு உதவும் என்று பிரியுங்கள்

'என் ஃபேஸ்புக் கணக்கு பட்டியலில் வரவே இல்லை' என்பது அடிக்கடி கேட்கும் புகார். வராது. தனிநபர் கணக்கில் வெளிச் செயலிகள் பதிவிடுவதை ஃபேஸ்புக் 2018 ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டது. குழுக்களில் பதிவிடும் வழியும் 2024 ஏப்ரலோடு மூடப்பட்டது. இப்போது எஞ்சியிருப்பது பக்கம் மட்டுமே. பக்கம் இல்லாவிட்டால் ஒன்று தொடங்குங்கள், அதில் உங்களுக்கு முழு அதிகாரம் இருக்க வேண்டும். குழுவுக்குப் பகிர வேண்டுமானால் கையால்தான்.

இன்ஸ்டாகிராமில் புரொஃபஷனல் கணக்கு வேண்டும். ஆனால் அங்கே படத்தின் கீழே எழுதும் இணைப்பை அழுத்த முடியாது. அதனால் பதிவைத் தானாக அங்கே அனுப்புவதில் பயன் குறைவு என்பது என் எண்ணம். விட்டுவிடுங்கள், வேண்டும்போது தனியாகப் படமோ ரீலோ போடுங்கள்.

எக்ஸ் (பழைய ட்விட்டர்), 2023-இல் தன் ஏபிஐக்கு, அதாவது வெளிச் செயலிகள் நுழையும் வாசலுக்கு, கட்டணத் திட்டங்களைக் கொண்டுவந்தது. தானாகப் பகிர உதவும் வேர்ட்பிரஸ் பிளகினான ஜெட்பேக் அந்த ஆண்டே அதை விட்டுவிட்டது, வேறு சில சேவைகள் கட்டணத் திட்டத்தில் மட்டும் தருகின்றன. அங்கே உங்கள் வாசகர்கள் நிறைய இருந்தால் ஒழிய, அதற்கென்று பணம் கட்ட வேண்டாம் என்றே சொல்வேன்.

டெலிகிராம் சானல், புளூஸ்கை, மாஸ்டடான், த்ரெட்ஸ், லிங்க்ட்இன் ஆகியவற்றில் பெரிய தடை இல்லை. வாட்ஸ்அப்புக்குத் தானியங்கி தேடாதீர்கள். அதிகாரப்பூர்வமற்ற 'பாட்'கள் நிறையக் கிடைக்கும், அவற்றால் உங்கள் எண்ணே முடக்கப்படலாம். வாட்ஸ்அப்பைக் கையால் அனுப்பும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

முதலில் இரண்டு இடம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக் பக்கமும் டெலிகிராமும் பெரும்பாலான தமிழ்த் தளங்களுக்குப் போதும்.

## 6. வழியைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வழி உண்டு.

முதல் வழி, தளத்துக்குள்ளேயே இருக்கும் பிளகின். ஜெட்பேக் சோஷியல் இந்த வகை. பதிவு வெளியான கையோடு பகிர்வு போகும். பதிவு வெளியாகாமல் பகிர்வு போகாது என்பதுதான் இதன் பெரிய பலம். வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். டெலிகிராமுக்கு இதில் வழி இல்லை, அதற்கு டபிள்யூபி டெலிகிராம் என்ற தனிப் பிளகின் இருக்கிறது.

இரண்டாவது, ஆர்எஸ்எஸ் ஊட்டத்தைப் படித்துப் பகிரும் வெளிச்சேவை. ஐஎஃப்டிடிடி, ஸேப்பியர், மேக் போன்றவை. பிளாகர்காரர்களுக்கு இதுதான் வழி, பிளாகரில் ஃபேஸ்புக்குக்குத் தானாகப் பகிரும் ஏற்பாடு கிடையாது. இந்தச் சேவைகள் ஊட்டத்தை இடைவெளி விட்டுத்தான் எட்டிப் பார்க்கும், அதனால் கால் மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகலாம். தளத்தில் கேஷ் இருந்தால் ஊட்டத்தின் முகவரியை அதிலிருந்து விலக்கி வையுங்கள். இல்லாவிட்டால் சேவை வந்து வந்து பழைய ஊட்டத்தையே பார்த்துவிட்டுப் போகும்.

மூன்றாவது, பஃபர் போன்ற இடத்தில் பகிர்வைத் தனியாக நேரம் குறிப்பது. வெளியான பழைய பதிவுகளை மறுபடி பகிர இது அருமையான வழி. புதிய பதிவுக்கு ஆபத்து. பதிவு 7 மணி, பகிர்வும் 7 மணி என்று குறித்தீர்கள், பதிவு ஏதோ காரணத்தால் வெளியாகவில்லை, பகிர்வு மட்டும் போய்விட்டது என்றால் வாசகருக்குக் கிடைப்பது 'பக்கம் இல்லை' என்று சொல்லும் '404' பக்கம். அந்தப் படமில்லாத அட்டையை ஃபேஸ்புக்கும் நினைவில் வைத்துக்கொள்ளும். இந்த வழிதான் வேண்டும் என்றால் பதிவுக்கும் பகிர்வுக்கும் நடுவே அரை மணி நேரமாவது விடுங்கள்.

ஓர் இடத்துக்கு ஒரே வழி. ஃபேஸ்புக்குக்கு ஜெட்பேக்கும் வேண்டும், பாதுகாப்புக்கு ஐஎஃப்டிடிடியும் இருக்கட்டும் என்று வைத்தால் ஒவ்வொரு பதிவும் இரட்டையாகப் போகும். தாளை எடுத்து எழுதுங்கள்: ஃபேஸ்புக் பக்கத்துக்கு ஜெட்பேக், டெலிகிராமுக்கு டபிள்யூபி டெலிகிராம்.

## 7. இப்போது இணையுங்கள்

ஃபேஸ்புக்கில் சரியான கணக்கில் உள்நுழைந்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். வீட்டில் ஒரே கணினியை நான்கு பேர் பயன்படுத்தினால், தம்பியின் கணக்கு திறந்திருக்கும், அவர் பெயரில் அனுமதி போய்விடும்.

அனுமதித் திரையில் எந்தப் பக்கங்களை இந்தச் செயலி பார்க்கலாம் என்று கேட்கும். உங்கள் பக்கத்தை அங்கே குறிக்க வேண்டும். அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டால் பின்னால் பக்கப் பட்டியல் காலியாக வரும். அப்போது மறுபடி மறுபடி இணைத்துப் பார்த்துப் பயனில்லை. ஃபேஸ்புக் செட்டிங்ஸில் 'பிசினஸ் இன்டெக்ரேஷன்ஸ்' பகுதியில் அந்தச் செயலியை நீக்கிவிட்டு, முதலிலிருந்து இணையுங்கள். பழைய அனுமதி இருக்கும்வரை அது திரும்பக் கேட்காமல் போகலாம்.

டெலிகிராமில் 'பாட்ஃபாதர்' மூலம் பாட் ஒன்று உருவாக்கி, அது தரும் டோக்கனைப் பிளகினில் கொடுக்க வேண்டும். அப்புறம் அந்தப் பாட்டை உங்கள் சானலில் அட்மினாகச் சேர்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை மறந்துவிட்டு, டோக்கன் தப்பு என்று நினைத்துப் புதுப் புது பாட்டாக உருவாக்கிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. டோக்கனை ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள், அது கடவுச்சொல்லுக்குச் சமம்.

ஜெட்பேக் இணைய மறுத்தால் பாதுகாப்புப் பிளகினைப் பாருங்கள். அவற்றில் பல, 'எக்ஸ்எம்எல்-ஆர்பிசி' என்ற வாசலை அடைத்து வைக்கும். ஜெட்பேக் பேசுவது அந்த வாசல் வழியாகத்தான். முழுவதும் திறக்காமல் ஜெட்பேக்குக்கு மட்டும் விலக்கு தர அந்தப் பிளகினில் இடம் இருக்கிறதா பாருங்கள்.

## 8. ஒவ்வொரு இடத்துக்கும் வாசகம் எழுதுங்கள்

வாசகம் எழுதாவிட்டால் தலைப்பும் இணைப்பும் மட்டும் போகும். அட்டையில் ஏற்கெனவே தலைப்பு இருக்கிறது, மேலேயும் அதே தலைப்பு. பார்க்கிறவருக்கே ரோபோ போட்டது என்று தெரிந்துவிடும். பதிவுக்குள் இருக்கும் ஒரு தகவலை எடுத்து இரண்டு வரி எழுதுங்கள். நேரம் குறிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே இதை எழுத வேண்டும், அப்புறம் எழுதலாம் என்று வைத்தால் மறந்துபோகும்.

எழுத்து எண்ணிக்கையில் தமிழுக்கு ஒரு வம்பு இருக்கிறது. 'வழிகாட்டி' என்பது நம் கண்ணுக்கு 5 எழுத்து. எக்ஸ் அதை 9 என்று எண்ணும், காலையும் மேல்விலங்கையும் புள்ளியையும் தனித்தனியாகச் சேர்த்து. அங்கே 280-இல் இணைப்புக்கு 23 போய்விடும், அது எவ்வளவு நீளமானாலும் சரி. மீதியில் தமிழில் சுமார் 140 எழுத்துத்தான் எழுத முடியும். புளூஸ்கை நம்மைப் போலவே 5 என்று எண்ணும், அங்கே 300 எழுத்துவரை இடம். மாஸ்டடானில் வழக்கமான எல்லை 500. டெலிகிராமில் வெறும் செய்திக்கு 4096, படத்தோடு அனுப்பினால் 1024.

எல்லா இடத்துக்கும் ஒரே வாசகம் போதும் என்றால் 140 எழுத்துக்குள் எழுதிவிடுங்கள். எங்கும் நடுவில் அறுபடாது.

பதிவின் குறிச்சொற்களைத் தானாக ஹேஷ்டேக்காக மாற்றும் வசதியை அணைத்து வையுங்கள். 'மாடித் தோட்டம்' என்ற இரண்டு சொல் குறிச்சொல், '#மாடித்' என்று பாதியில் நிற்கும்.

## 9. ஒத்திகை

வாசகர் பார்க்கும் சானலில் ஒத்திகை வேண்டாம். டெலிகிராமில் நீங்கள் மட்டும் இருக்கும் தனிச் சானல் ஒன்றைத் தொடங்கி, முதலில் அதற்கு அனுப்பிப் பாருங்கள். ஃபேஸ்புக்குக்கும் யாரும் பின்தொடராத சோதனைப் பக்கம் ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஏழாம் படியில் உண்மையான கணக்கை இணைத்திருந்தால், ஒத்திகை முடியும்வரை அதை அணைத்து வையுங்கள்.

ஒத்திகைப் பதிவு உண்மையான பதிவைப் போலவே இருக்க வேண்டும். படம், விளக்கம், ஆங்கில முகவரி, வாசகம் எல்லாம் சேர்த்து, 20 நிமிடம் தள்ளி நேரம் குறியுங்கள். 'பப்ளிஷ்' பொத்தானை நேரடியாக அழுத்திச் சோதிப்பது போதாது. கையால் வெளியிடும்போது சரியாகப் போய், நேரம் குறித்தால் மட்டும் போகாத தளங்கள் உண்டு. அப்படிப்பட்ட தளத்தில் இரண்டாம் படியைத் திரும்பப் பாருங்கள்.

நேரம் குறிக்கும்போது பொத்தானின் பெயரைப் படியுங்கள். 'ஷெட்யூல்' என்று மாறியிருக்க வேண்டும். இன்னும் 'பப்ளிஷ்' என்றே இருந்தால் நீங்கள் கடந்துபோன நேரத்தைக் கொடுத்திருக்கிறீர்கள், அழுத்தினால் உடனே வெளியாகிவிடும். ஏஎம், பிஎம் குழப்பமும் இங்கேதான் வரும். ஞாயிறு 12 ஏஎம் என்றால் சனிக்கிழமை இரவு முடிகிற நேரம், ஞாயிறு மதியம் அல்ல.

இன்னொன்று: ஜெட்பேக் ஒரு பதிவை ஒரு முறைதான் தானாகப் பகிரும். வெளியானதை டிராஃப்டாக்கி மறுபடி வெளியிட்டால் திரும்பப் போகாது. அதைப் பார்த்துவிட்டு இணைப்பு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், ஒவ்வொரு ஒத்திகைக்கும் புதுப் பதிவு போடுங்கள். தேறியதும் சோதனைக் கணக்கின் இணைப்பை நீக்கிவிட்டு உண்மையான கணக்கை இணையுங்கள்.

## 10. நேரத்தைத் தேர்ந்தெடுப்பது

'எந்த நேரம் சிறந்தது' என்று பொதுவாகச் சொல்லும் பட்டியல்களை நம்பாதீர்கள், அவை உங்கள் வாசகர்களைப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. அனலிட்டிக்ஸில் வாசகர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மாலை 7 மணி என்றால் துபாயில் 5:30, சிங்கப்பூரில் இரவு 9:30, குளிர்காலத்தில் லண்டனில் மதியம் 1:30, டொராண்டோவில் காலை 8:30. எல்லோரும் விழித்திருக்கும் நேரம் என்பதால் பல நாட்டு வாசகர் உள்ள தளத்துக்கு இந்த மாலை 7 மணி தோதானது. உள்ளூர் வாசகர் மட்டும் என்றால் காலையோ இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னோ வைத்துப் பார்த்து, எண்ணிக்கையைக் கவனித்து முடிவு செய்யுங்கள்.

ஒரே நாளில் மூன்று பதிவைக் குறிக்காதீர்கள்.

## 11. நிறுத்தும் வழியைத் தெரிந்து வையுங்கள்

நேரம் குறித்து வைத்த பதிவுக்கு நாட்டு நடப்பு தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை தண்ணீருக்குள் கிடந்த நாளில், போன வாரமே குறித்து வைத்த 'மழைக்கு இதமாக மிளகாய் பஜ்ஜி' என்ற பதிவு தானாகப் போயிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

போனில் ஜெட்பேக் ஆப்பை வைத்துக்கொள்ளுங்கள். பதிவுப் பட்டியலில் 'ஷெட்யூல்டு' பகுதிக்குப் போய், பதிவை டிராஃப்டுக்கு மாற்றினால் நின்றுவிடும். கணினி இல்லாமல், மின்சாரம் இல்லாமல், போன் ஒன்றிலேயே இதைச் செய்ய முடிகிறதா என்று ஒரு முறை செய்து பாருங்கள். இருவர் மூவர் சேர்ந்து நடத்தும் தளமானால் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே பகிரப்பட்டுவிட்டால் தளத்தில் பதிவை எடுப்பது போதாது. ஃபேஸ்புக்கிலும் டெலிகிராமிலும் தனித்தனியாகப் போய் நீக்க வேண்டும், பகிர்வு தானாகப் போகும், ஆனால் தானாகத் திரும்பி வராது.

## 12. வெளியானது, ஆனால் பகிரப்படவில்லை: எந்த வரிசையில் தேடுவது

முதலில் பதிவு எப்போது வெளியானது என்று பாருங்கள். குறித்த நேரத்தில் இல்லையென்றால் கோளாறு பகிர்வில் இல்லை, கிரானில்.

நேரம் சரியாக இருந்தால் அந்தப் பதிவுக்குப் பகிர்வு இயங்கு நிலையில் இருந்ததா என்று பாருங்கள். எடிட்டரில் ஒவ்வொரு கணக்குக்கும் தனி ஸ்விட்ச் இருக்கிறது, கைபட்டு அணைந்திருக்கலாம். பதிவு கடவுச்சொல் போட்டதாகவோ தனிப்பட்டதாகவோ இருந்தாலும் போகாது.

அதுவும் சரியென்றால் இணைப்பு அறுந்திருக்கும். ஃபேஸ்புக் கடவுச்சொல்லை மாற்றினால் பழைய அனுமதி செல்லாமல் போகும். லிங்க்ட்இன் தரும் அனுமதிக்கு 60 நாள் ஆயுள், சில சேவைகளில் அதை நாமே புதுப்பிக்க வேண்டும். பெரும்பாலான சேவைகள் இதை மின்னஞ்சலில் தெரிவிக்கின்றன, அது ஸ்பேமிலோ புரொமோஷன்ஸிலோ கிடக்கும். மாதம் ஒரு நாள் இணைப்புப் பக்கத்தைத் திறந்து எல்லாம் பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பது இதைவிட நம்பகமானது.

ஆர்எஸ்எஸ் வழியில் போகிறவர்கள் ஊட்டத்தை உலாவியில் திறந்து, புதிய பதிவு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தளத்தில் இருந்து ஊட்டத்தில் இல்லையென்றால் கேஷ். ஊட்டத்திலும் இருந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள்.

அவசரமென்றால் கையால் பகிரலாம். ஆனால் அதற்கு முன் அந்த ஒரு பதிவுக்கான தானியங்கிப் பகிர்வை நிறுத்திவிடுங்கள். ஆர்எஸ்எஸ் வழியானால் அந்தச் சேவையில் அந்த விதியையே சற்று நேரம் அணைத்து வைத்து, ஊட்டத்தில் அடுத்த பதிவு வருவதற்குள் மறுபடி இயக்குங்கள். இல்லையென்றால் நீங்கள் பகிர்ந்து பத்து நிமிடத்தில் அதுவும் விழித்துக்கொண்டு இன்னொரு முறை பகிர்ந்துவிடும்.